தவிட்டுக்குப் போட்ட பிள்ளை

வேலாயி மூன்றாம் தடவையாக உண்டாகியிருந்த சங்கதி, அவள் புருஷனுக்குத் தெரிவதற்கு முந்தியே பக்கத்துக் காம்பராவுக்குத் தெரிந்துவிட்டது. மஸ்கெலியாவுக்கு மேலே, அந்தத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில், லயம் என்கிற வரிசை வீடுகளில், காம்பரா அறைகளுக்கு நடுவே இருக்கும் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய், அதற்குமேல் செலவு செய்ய வெள்ளைக்காரத் துரைக்கு மனம் வராமல் நின்றுபோன சுவர்கள். தோட்டம் அரசாங்கத்துக்குப் போய் ஒரு வருஷமாகியும் அரசாங்கத்துக்கும் அந்த மனம் வரவில்லை. ஒரு காம்பராவில் ஓங்கரித்தால் அடுத்த காம்பராவில் காது நிமிரும். வேலாயி அன்று காலை இரண்டு தரம்தான் ஓங்கரித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் கங்காணி பெண்டாட்டி சண்முகவடிவு இஞ்சித் தேத்தண்ணியோடு வாசலில் வந்து நின்றாள்.

"எத்தன மாசம் புள்ள? ரெண்டா, மூணா?"

"பித்தமா இருக்கும்க்கா," என்றாள் வேலாயி.

"எனக்கா தெரியாது?" என்று சொல்லித் தம்ளரை நீட்டினாள் சண்முகவடிவு.

அவளுக்கு எப்படித் தெரியும் என்று வேலாயி மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு நாள் தள்ளிப்போனது கிடையாது. அதை வாய்விட்டுச் சொல்லிக்காட்டும் அளவுக்கு வேலாயி கெட்டவள் இல்லை. மனசுக்குள் சொல்லிக்கொள்வதற்கு யாரும் தடைபோட முடியாதே, அவ்வளவுதான்.

அந்தப் பழனியாண்டிக் கங்காணி இருக்கிறாரே, அவருக்கு உடம்பில் பாதி கோட்டு. மழையோ வெயிலோ, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துக்குக் கறுப்புக் கோட்டோடுதான் வருவார். மேலதிகாரியான கண்டாக்கு ஐயா முன்னால் அவர் முதுகு வளையும். கொழுந்தெடுக்கிற பெண்கள் பக்கம் திரும்பியதும் அதே முதுகு விறைத்துக்கொள்ளும். ஒரே முதுகை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படி இரண்டு வேலையையும் பார்க்கிறார் என்று, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டும்போதெல்லாம் வேலாயி அதிசயப்பட்டிருக்கிறாள். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் அவருக்கும் பாஸ்போட்டு வந்தாயிற்று. பயணத் தேதிதான் பாக்கி.

வேலாயியின் புருஷன் சின்னராசா கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியை வெட்டுவதில் கீழ்க்கணக்கில் அவனை அடிக்க ஆளில்லை. கை நல்ல கை. தலைதான் சொந்தத் தலை இல்லை, யார் எந்தப் பக்கம் ஆட்டினாலும் அந்தப் பக்கம் ஆடும். கங்காணி இருமினால் இவன் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடுவான்.

இப்படி எல்லாரையும் எடைபோட்டு வைத்திருந்த வேலாயி அந்த இஞ்சித் தேத்தண்ணியை வாங்கிக் குடித்தாள். மறுநாளும் குடித்தாள். காரணம் பயம். முதல் பிள்ளை தவழ்வதற்கு முன்னால் போய்விட்டான். இரண்டாவது பிள்ளைக்குப் பெயர் வைக்கக்கூட நேரமில்லை. இரண்டையும் ஆற்றுக்கு மேலே சவுக்கு மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தவளுக்கு இந்த மூன்றாவதாவது தங்க வேண்டும். அதைத் தவிர வேறு ஒன்றும் வேண்டாம். தங்குமென்றால் யார் கையால் எதைக் கொடுத்தாலும் குடிக்கத் தயாராக இருந்தாள்.

சண்முகவடிவும் கொடுத்துக்கொண்டே இருந்தாள். காலையில் கசாயம், மத்தியானம் முட்டை, சாயங்காலம் அவர்கள் வீட்டு மாட்டின் பால். வேலாயி ஏப்பம் விட்டால் அரைச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சீரகத் தண்ணி குடி புள்ள," என்று குரல் வரும். இராத்திரி புரண்டு படுத்தால், "எடது பக்கமாப் படு," என்று வரும். சொந்தக் காம்பராவில் மூச்சு விடுவதற்கும் பக்கத்து வீட்டில் உத்தரவு வாங்க வேண்டியதாயிற்று. தோட்டத்து மருத்துவச்சி சுகிர்தம் அம்மா வயிறு பார்க்கக் கூப்பிட்டனுப்பினால், "அந்த வேதக்காரி கைபட்டா நம்ம சாமிக்கு ஆகாது," என்று சண்முகவடிவு மறித்துவிடுவாள். பிறகு அவளே எண்ணெய் தேய்த்துவிடுவாள். தேய்த்து முடித்ததும் வயிற்றில் காதை வைத்து, "பயப்படாத கண்ணு, ஒன்ன நல்லா வச்சிக்குவோம்," என்று முணுமுணுப்பாள். பெற்றுக்கொள்ளப் போகிறவள் ஒருத்தி மல்லாந்து கிடக்கிறாள் என்ற நினைப்பே அவளுக்கு இருக்காது. வேலாயிக்கு உடம்பெல்லாம் கூசும்.

ஆறாம் மாதம் கழிந்ததும் சண்முகவடிவு மலைக்கு வேலைக்குப் போவதை நிறுத்தினாள். இஸ்தோப்புத் திண்ணையில் சுவரோடு சாய்ந்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நெல்லிக்காய் கேட்பாள், புளி கேட்பாள், சாம்பலைக்கூட ஒரு கிள்ளு வாயில் போட்டுக்கொள்வாள். எழுந்து நடந்தால் காலை அகட்டி நடப்பாள். வேலாயி கிணற்றடியில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"வயித்துல நான் சொமக்குறேன், எளப்பு அவளுக்கு வருதுடி. நோவு வந்தா அவளையே முக்கச் சொல்லப் போறேன்."

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சிரிப்பு தங்காமல் போய்விடும். சண்முகவடிவின் சேலைக்குள் வயிற்றைச் சுற்றித் துணி மடித்துக் கட்டியிருந்ததை ஒரு நாள் அவள் கண்ணாலேயே கண்டாள். கேட்டதற்கு, "குளுருக்குப் புள்ள," என்றாள் சண்முகவடிவு. நாற்பது வருஷமாக இல்லாத குளிர்.

தவிட்டுப் பேச்சை முதலில் எடுத்தது கங்காணிதான். பிள்ளை தங்காத வீட்டில் பிள்ளை பிறந்தால் அதைத் தவிட்டுக்குப் போடுவது வழக்கம். சாமி முன்னால் பெற்றவள் பிள்ளையை இன்னொருத்தி கையில் கொடுப்பாள். அவள் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்வாள். பிள்ளை வேறு வீட்டுப் பிள்ளையாகிவிட்டது, தவிட்டுக்குத்தான் பெறும் என்று, எடுத்துக்கொண்டு போக வந்த கெட்டது முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுமாம். அன்று பொழுது சாய்வதற்குள் பெற்றவள் போய்ப் பிள்ளையைத் திரும்ப வாங்கி வந்துவிடுவாள். மலையில் பாதிப் பேர் தவிட்டான், தவிட்டம்மா என்று இப்படிப் பெயர் வாங்கியவர்கள்தான்.

"மேல் லயத்து வீரம்மாகிட்ட போடலாம்," என்றாள் வேலாயி. அதுதான் முறை. வீரம்மாவுக்கு எட்டுப் பிள்ளை. இருக்கிறதற்குச் சோறு போடவே அவளுக்கு விழி பிதுங்குகிறது, ஒன்பதாவதை இலவசமாகக் கொடுத்தாலும் கும்பிடு போட்டுவிட்டு ஓடிவிடுவாள். வாங்குகிறவளுக்குப் பிள்ளை மேல் ஆசை இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் முன்னோர்கள் பிள்ளைக்காரியாகப் பார்த்துக் கொடுத்தார்கள்.

"எட்டுப் பெத்தவ கண்ணு பட்டா என்னாகும்னு தெரியுமா?" என்றாள் சண்முகவடிவு. "நான் வாங்குறேன். ஏங்கிட்ட எந்தப் பொறாமையும் இல்ல."

"கங்காணியார் வீட்டுக்குப் போனா அதுக்கும் ஒரு மரியாததானே?" என்றான் சின்னராசா. தலை ஆடிவிட்டது.

வேலாயி அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஊரையெல்லாம் எடைபோட்டவள், தன் பிள்ளை விஷயத்தில் தராசைக் கீழே வைத்துவிட்டாள். சரி என்று சொல்லிவிட்டாள். பயம் பிடித்தவளுக்கு எது முறை, எது முறைகேடு என்று தெரிவதில்லை.

பெண் பிள்ளை பிறந்தது. கடைசி நேரத்தில் சுகிர்தம் அம்மா யார் மறிப்பையும் பொருட்படுத்தாமல் உள்ளே புகுந்து பிள்ளையை எடுத்துப் போட்டாள். அது அந்தச் சின்ன உடம்புக்கு அடங்காத குரலில் கத்தியது. தீட்டுக் கழித்த அன்றே மாரியம்மன் கோவில் வாசலில் தவிட்டு வியாபாரம் நடந்தது. மாட்டுத் தொட்டிக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு முறம் அள்ளி வந்திருந்தாள் சண்முகவடிவு. "தவிட்டக் குடுத்துப் புள்ளய வாங்கிக்கிட்டேன்," என்று மூன்று தரம் சொன்னாள். மூன்று தரமும் குரல் தழுதழுத்தது. விளையாட்டுக்குச் செய்கிற சடங்கில் இவளுக்கு ஏன் தொண்டை அடைக்கிறது என்று வேலாயி நினைத்தாள்.

பொழுது சாய்ந்ததும் பிள்ளையைக் கேட்டுப் போனாள். கங்காணி வாசலை மறித்தபடி நின்றார்.

"ஒண்ணு செத்திருந்தா சாயங்காலமே வாங்கலாம். ஒனக்கு ரெண்டு செத்திருக்கு. முடி எறக்குற வரைக்கும் இங்கதான் இருக்கணும்னு பூசாரி சொல்லிட்டாரு. அதுக்கு முந்தித் திரும்ப வாங்குனா ஒரு மாசம் தாங்காதாம்."

பூசாரி பக்கத்திலேயே நின்று தலையாட்டினார். அவர் வாயிலிருந்து வந்த வாடையை வைத்து, அந்த வாக்கு எந்தப் போத்தலிலிருந்து பிறந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு மாதம் தாங்காது என்ற சொல் வேலாயியின் அடிவயிற்றில் போய் விழுந்துவிட்டது. அவள் திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேட்டால் காறித் துப்பத் தோன்றும். பிள்ளை பெற்றவள் ஒருத்தி, பிரசவக் காய மருந்து தின்றவள் இன்னொருத்தி. சண்முகவடிவு பாயில் படுத்து, வயிற்றை இறுக்கிக் கட்டி, தலையில் துணி சுற்றி, பத்தியச் சோறு சாப்பிட்டாள். வேலாயி பால் கொடுக்கப் போனால் அந்தப் பாயிலேயே ஒரு ஓரத்தில் உட்காரச் சொல்வாள். பிள்ளை நாலு வாய் இழுப்பதற்குள், "அவ்ளோ போதும்," என்று பிடுங்கிக்கொள்வாள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை என்பது மூன்றானது. பிறகு பால்மாப் போத்தல் வந்தது, மூன்று ஒன்றானது. மற்ற நேரமெல்லாம் பிள்ளை சுவருக்கு அந்தப் பக்கம் அழும். இந்தப் பக்கம் வேலாயியின் ரவிக்கை நனையும். சுவர் கூரைவரை இல்லை. ஏறிக் குதித்துவிடலாம். அவளைக் கட்டிப் போட்டிருந்தது, ஒரு மாதம் தாங்காது என்ற அந்தச் சொல்தான்.

ஒரு நாள் சுகிர்தம் அம்மா, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்துக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏன்டி, ஒனக்குப் புத்தி எங்க போச்சு? மேல்க்கணக்குல போய்க் கேட்டுப் பாரு. கங்காணி பொஞ்சாதிக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்குன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. திருச்சியில கங்காணியோட அண்ணங்காரன், வாரிசோட வந்தாத்தான் காணியில பங்குன்னு சொல்லிட்டானாம். அடுத்த கெழம கப்பலு. ஒம்புள்ளயும் போவுது."

வேலாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "முடி எறக்குனதும் குடுப்பேன்னாங்களே... அதுக்கு முந்திப் புடுங்குனா செத்துருமே அம்மா. ரெண்டையும் கெட்டது கொண்டுபோன மாதிரி..."

"கெட்டதா?" சுகிர்தம் அம்மாவுக்குக் கோபத்தில் மூக்கு சிவந்தது. "ஒம்புள்ளைகளத் தின்னது பசிடி. பஞ்சத்துல நீ மரவள்ளித் தோலையும் கீரையையும் அவிச்சித் தின்னுட்டுக் கெடந்த. மாருல பால் எங்க இருந்து வரும்? ரெண்டும் காஞ்சி போய்ச் செத்துச்சு. நான்தானே பாத்தேன்."

வேலாயி அந்த இரண்டு வருஷத்தை நினைத்துப் பார்த்தாள். கடையில் கோதுமை மா இல்லை, பாண் ரொட்டி இல்லை, தோட்டத்தில் ஆட்கள் வேலைக்குப் போகும் வழியிலேயே சுருண்டு விழுந்தார்கள். தோட்டத்து மாவை ஆட்களுக்கு அளந்து கொடுக்கிற வேலை பழனியாண்டிக் கங்காணிக்கு. அந்த நாட்களில் தினமும் அரைச்சுவருக்கு மேலே ரொட்டி வாசம் வந்தது. ரொட்டி வரவில்லை. பிள்ளை தொண்டை வற்றி அழுததும் அந்தப் பக்கம் கேட்டிருக்கும். சீரகத் தண்ணீர் குடி என்று அப்போது ஒரு குரலும் வரவில்லை.

அவள் ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். சின்னராசா சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தான். உடம்பில் கங்காணியின் பழைய கோட்டு. தோள் இரண்டும் முழங்கைக்கு இறங்கிக் கிடக்க, கையை வீசிக் காட்டி, இல்லாத பெண்களை அதட்டிக்கொண்டிருந்தான்.

"யாரு குடுத்தா?" என்றாள்.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "அவரு போனதும் கங்காணி வேல எனக்குத்தான். கண்டாக்கு ஐயாகிட்ட பேசி முடிச்சிட்டாரு."

"எதுக்குப் பதிலா?"

அவன் கோட்டுப் பொத்தானைத் திருகினான். பிறகு, "நமக்குத்தான் தங்க மாட்டேங்குதே வேலாயி. அங்க போனா உசுரோடயாவது இருக்கும்," என்றான்.

ஒரு முறம் தவிட்டுக்கு அவள் பிள்ளையைக் கொடுத்தாள், அது பொய் வியாபாரம். அவள் புருஷன் ஒரு பழங்கோட்டுக்குக் கொடுத்திருக்கிறான், அது மெய் வியாபாரம். அவனைத் திட்டுவதற்குக்கூட வேலாயிக்கு வாய் எழவில்லை. திட்டுவதற்கும் ஒரு ஆள் வேண்டுமே, அங்கே கோட்டு மட்டும்தான் நின்றது.

பக்கத்துக் கதவு அன்றிலிருந்து திறக்கவில்லை. பால் கொடுக்கவும் விடவில்லை. லயத்துப் பெண்களிடம் முறையிட்டாள். "சாமி முன்னால வித்தது புள்ள, இப்பப் புடுங்குனா அதுக்குத்தான் ஆகாது," என்று ஆளுக்கு ஆள் அதையே சொன்னார்கள். எல்லாருக்கும் பிள்ளை மேல் இரக்கம். கங்காணி மேல் அதைவிட அதிக மரியாதை.

பயணக் காலையில் தோட்டத்து லொறி வந்து நின்றது. அட்டனில் கோச்சி ரயிலேறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் பிடிக்க வேண்டும். முழு லயமும் கூடியிருந்தது. எந்தப் பெண்களைக் கங்காணி இருபது வருஷம் வாயில் வந்தபடி ஏசினாரோ அதே பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். பிள்ளை சண்முகவடிவின் தோளில் வீறிட்டுக்கொண்டிருந்தது. போத்தலை வைத்தால் துப்பியது.

"பெத்தவ ஒரு வாய்ப் பால் குடுக்கட்டும் கங்காணியாரே," என்றாள் மேல் லயத்து வீரம்மா. "கோச்சி முழுக்கக் கத்திக்கிட்டுப் போகவா?"

கங்காணி லொறியைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். வேண்டாம் என்றால் பத்துப் பேர் முன்னால் கௌரவம் போகும். "சீக்கிரம்," என்றார்.

வேலாயி இஸ்தோப்பில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கினாள். அதுவரை அவள் மனதில் எந்தத் திட்டமும் இல்லை. பிள்ளை மார்பைப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சுத் திணறத் திணற இழுத்தது. அந்த இழுப்பில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"நேரமாவுது, குடு புள்ள," என்று சண்முகவடிவு கையை நீட்டினாள்.

"குடுக்க மாட்டேன்."

ஒப்பாரி சட்டென்று நின்றது. பூசாரி முன்னால் வந்தார். "தாயி, வித்த புள்ளயத் திரும்ப வாங்குனா ஒரு மாசம் தாங்காது. நான் சொல்லல, ஆத்தா சொல்றா."

"ஆத்தாவுக்கு எத்தன போத்தல் வாங்கிக் குடுத்தாரு கங்காணி?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூசாரி பின்னால் போய்விட்டார்.

"வேலாயி, மானத்த வாங்காத. குடுத்துரு," என்றான் சின்னராசா. கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வழியனுப்ப வந்திருந்தான்.

"நீங்க பேசாதீங்க. பெத்த புள்ளயக் குடுத்துக் கோட்டு வாங்குன ஆம்பள இந்த மலையில நீங்க ஒருத்தருதான்."

கங்காணிக்கு முகம் கறுத்தது. பிள்ளையிடம் போக முடியவில்லை. வீரம்மாவும் இன்னும் நாலு பேரும் எப்போது வந்து வேலாயியைச் சுற்றி நின்றார்களோ தெரியாது. ஆத்திரத்தை யார் மீதாவது காட்ட வேண்டுமே. நேரே சின்னராசாவிடம் போய், அவன் தோளிலிருந்து அந்தக் கோட்டைப் பிடுங்கினார். அவனும் கையை உயர்த்தி வாகாகக் கழற்றிக் கொடுத்தான். போட்டிருந்த கோட்டோடு இந்தக் கோட்டையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லொறியில் ஏறினார் அந்தப் பெரிய மனுஷன்.

சண்முகவடிவு ஏறவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "நானும் சொமந்தேன்டி... நானும்தான் சொமந்தேன்," என்றாள். வேலாயிக்கு அவள் மேல் ஒரு கணம் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சண்முகவடிவை இரண்டு பேர் தூக்கி ஏற்றியதும் லொறி இறக்கத்தில் போய் மறைந்தது.

பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். வீரம்மா மட்டும் நின்றாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஏன் புள்ள, பூசாரி சொன்னாப்புல ஏதாச்சும் ஆயிட்டா?"

"ஆனா ஆவட்டும்க்கா. செத்தா எம்புள்ளையா எம்மடியில சாவட்டும். அவங்க புள்ளையா அங்க போயி வாழ வேணாம்."

சத்தமாகத்தான் சொன்னாள். லயம் முழுக்கக் கேட்டது. ஆனால் பிள்ளை ஒரு தடவை புரையேறி இருமியபோது பதறிப்போய் அதை நிமிர்த்தினாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள், மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். பிள்ளை மறுபடி இழுக்கத் தொடங்கியது. அவள் பயந்துகொண்டேதான் பால் கொடுத்தாள்.